அரசியலமைப்புச் சட்டம் அரசை உண்மையிலேயே கட்டுப்படுத்துகிறதா? ஓர் எளிய விளக்கம்

அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றிய பேச்சில் இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. "அரசியலமைப்புச் சட்டம் இருக்கும்வரை அரசு அப்படியெல்லாம் செய்துவிட முடியாது" என்பது ஒன்று. "அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், ஆள்பவர் நினைத்தால் எதையும் செய்வார்" என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர் வெள்ளந்தி என்றும், இரண்டாவதைச் சொல்பவர் விவரம் தெரிந்தவர் என்றும் பொதுவாக ஓர் எண்ணம் உண்டு. இருவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள் என்பது என் கருத்து. அந்த ஏட்டுக்குள்ளேயே ஒரு சக்தி இருக்கிறதா இல்லையா என்று இருவருமே தேடுகிறார்கள். எழுத்து எழுந்து வந்து யாருடைய கையையும் பிடிக்காது. ஆயினும் எழுத்தைக் காரணமாகக் காட்டி மனிதர்கள் ஆள்பவரின் கையைப் பிடித்த நிகழ்வுகள் வரலாற்றில் பல. பிடிக்காமல் விட்ட நிகழ்வுகளும் பல. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

காசோலையில் இரண்டு கையெழுத்து

ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் வங்கியிலிருந்து பணம் எடுக்கலாம் என்று அதன் விதிமுறை சொல்கிறது. ஒருநாள் தலைவர் தனியாகக் கையெழுத்திட்டுக் காசோலையைக் கொண்டுபோகிறார். விதிமுறைப் புத்தகம் சங்க அலுவலகத்தின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அது அவரைத் தடுக்கப்போவதில்லை. தடுப்பவர் வங்கி ஊழியர். ஒற்றைக் கையெழுத்துக்குப் பணம் கொடுத்தால் நாளை தானே பதில் சொல்ல வேண்டிவரும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே காசோலையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

இதில் விதிமுறையின் பங்கு என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். எது செல்லும், எது செல்லாது என்பதைத் தலைவர், பொருளாளர், வங்கி ஊழியர், உறுப்பினர்கள் ஆகிய அனைவருக்கும் ஒரே மாதிரியாக முன்கூட்டியே தெரிவித்து வைத்தது அதுதான். அது இல்லாவிட்டால் வங்கி ஊழியருக்கு மறுப்பதற்கான காரணமே கிடைத்திருக்காது. அதே வேளையில், ஊழியர் கண்ணை மூடிக்கொண்டு பணத்தைக் கொடுத்திருந்தால் விதிமுறைக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது.

தலைவருக்கு வேறு வழிகளும் உண்டு. தன் மைத்துனரைப் பொருளாளர் ஆக்கிக்கொள்ளலாம். பொதுக்குழுவைக் கூட்டி விதிமுறையையே மாற்றிவிடலாம். அவசரம், பொருளாளர் வரும்வரை பொறுக்க முடியாது என்று சொல்லலாம். நாடுகளில் ஆள்பவர்கள் அரசியலமைப்புச் சட்டத்தைத் தாண்டிச் செல்லும் வழிகளும் பெரும்பாலும் இவைதாம்.

ஆக்கும் சட்டமே அளக்கும் சட்டமும்

ஒரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் என்பது அந்நாட்டில் யார் ஆளலாம், எப்படித் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும், எந்த எல்லைக்குள் எந்த முறையில் முடிவெடுக்க வேண்டும் என்பவற்றைச் சொல்லும் அடிப்படைச் சட்டம். மற்றச் சட்டங்கள் மக்களுக்கு விதிக்கப்படுபவை. இது முதன்மையாக ஆள்பவர்களுக்கு விதிக்கப்படுவது. அதிகாரத்தை உண்டாக்குவதும் இதுதான், அதை அளந்து கொடுப்பதும் இதுதான். ஒரு பிரதமரின் கையெழுத்துக்கு மதிப்பு வருவதே இந்தச் சட்டத்தால்தான் என்பதால், அதை முற்றாகத் தூக்கி எறிபவர் தம் கையெழுத்தின் மதிப்பையும் சேர்த்தே எறிகிறார். ஆட்சிக் கவிழ்ப்பு நடத்தும் இராணுவத் தலைவர்கள்கூட விரைவிலேயே ஏதோ ஒரு புதிய சட்ட ஆவணத்தை வெளியிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டுப்படுத்தும் வேலையை இது இரண்டு விதங்களில் செய்கிறது. முதலாவது, அதிகாரப் பிரிவினை: சட்டம் இயற்றுபவர், அதை நடைமுறைப்படுத்துபவர், அது மீறப்பட்டதா என்று தீர்ப்பளிப்பவர் ஆகியோரை வெவ்வேறு அமைப்புகளாகப் பிரித்து, ஒருவர் இல்லாமல் மற்றவர் வேலை நடக்காதபடி செய்வது. இரண்டாவது, அடிப்படை உரிமைகள்: பேச்சுரிமை, காரணமின்றிக் கைது செய்யப்படாமல் இருக்கும் உரிமை போன்ற, அரசு எளிதில் தொட முடியாத குடிமக்களின் உரிமைகள். மேடைகளில் அதிகம் புகழப்படுவது இரண்டாவது; உண்மையில் சுமையைத் தாங்குவது முதலாவது. உரிமைகளை எவ்வளவு அழகாக எழுதினாலும், அவை மீறப்படும்போது மறுத்து நிற்க இன்னோர் அமைப்பு இல்லையென்றால் அவை எழுத்தோடு நின்றுவிடும்.

இதற்குச் சோவியத் ஒன்றியத்தின் 1936ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அதன் 125ஆம் பிரிவு பேச்சு, அச்சு, கூட்டம் ஆகியவற்றின் சுதந்திரத்தை உறுதியளித்தது. அதற்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில்தான், 1937, 1938ஆம் ஆண்டுகளில், பல இலட்சம் பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பெரும் களையெடுப்பு நடந்தது. உரிமைகளின் பட்டியல் இருந்தது. ஆனால் சட்டம் இயற்றும் அவை, நீதிமன்றம், காவல்துறை, செய்தித்தாள் என எல்லாமே ஒரே கட்சியின் கையில் இருந்தன.

மறுபுறம் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே அரசியலமைப்புச் சட்டம் என்று ஒரே ஆவணம் கிடையாது. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த சட்டங்களும் தீர்ப்புகளும் மரபுகளுமே உள்ளன. ஆயினும் 2019 செப்டம்பரில், பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மறுநாளே நாடாளுமன்றம் கூடியது.

ஆக, ஆவணம் இருந்தும் கட்டுப்பாடு இல்லாமல் போகலாம். ஒரே ஆவணமாக எழுதப்படாமலேயே கட்டுப்பாடு இருக்கவும் செய்யலாம். எழுத்தைத் தாண்டி ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஓர் உத்தரவு எங்கே நிற்கிறது?

எந்த ஆட்சியாளரும் தம் உத்தரவைத் தாமே நிறைவேற்றுவதில்லை. அது செயலாளரிடம் போகிறது. அங்கிருந்து துறைத் தலைவருக்கு, காவல் அதிகாரிக்கு, சிறைக் கண்காணிப்பாளருக்கு, கருவூல அலுவலருக்குப் போகிறது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனிதர் இருக்கிறார். "இதைச் செய்தால் எனக்கு என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும்" என்ற கணக்கு ஒவ்வொருவருக்கும் உண்டு. தனியாக மறுத்தால் வேலை போகும், அல்லது அதைவிட மோசமானது நடக்கும். மற்றவர்களும் மறுப்பார்கள் என்று நம்பினால் மறுப்பது எளிதாகிறது. சிக்கல் என்னவென்றால், மற்றவர் என்ன செய்வார் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. கோடு எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வைத்திருந்தால், அதைத் தாண்டியவுடன் எல்லாரும் ஒரே நேரத்தில் அதைக் காண முடியும். அரசியலமைப்புச் சட்டத்தின் முதன்மையான ஆற்றல் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். சட்ட வகுப்புகளில் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

2024 டிசம்பர் 3 அன்று இரவு பத்தரை மணியளவில் தென் கொரியாவின் குடியரசுத் தலைவர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் தோன்றி இராணுவச் சட்டத்தை, அதாவது நிர்வாகத்தை இராணுவத்திடம் ஒப்படைக்கும் அவசர ஆட்சியை, பிரகடனம் செய்தார். அந்நாட்டு நாடாளுமன்றமான தேசிய அவையின் நடவடிக்கைகள் உட்பட எல்லா அரசியல் நடவடிக்கைகளும் தடை செய்யப்படுவதாக உத்தரவு வந்தது. படைவீரர்கள் அவைக் கட்டடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். சிலர் சன்னல்களை உடைத்து உள்ளே நுழைந்தார்கள். அந்நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஒரு வரி உண்டு: அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் கோரினால் குடியரசுத் தலைவர் இராணுவச் சட்டத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். அவையின் மொத்த உறுப்பினர்கள் 300 பேர். அன்றிரவு அவைத் தலைவர் உட்படப் பல உறுப்பினர்கள் வேலியேறிக் குதித்தும் உள்ளே சென்றார்கள். அவை அலுவலர்கள் நாற்காலி மேசைகளை அடுக்கிக் கதவுகளை அடைத்தார்கள். பொதுமக்கள் வெளியே திரண்டு நின்றார்கள். நள்ளிரவு ஒரு மணியளவில் 190 பேர் வாக்களித்தார்கள். அத்தனை வாக்குகளும் விலக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கே. அவர்களில் 18 பேர் குடியரசுத் தலைவரின் சொந்தக் கட்சியினர். படைவீரர்கள் வெளியேறத் தொடங்கினார்கள். விடிவதற்குள் இராணுவச் சட்டம் விலக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் யூனைப் பதவியிலிருந்து நீக்கியது.

அந்த இரவில் சட்டப் பிரிவு துப்பாக்கியைத் தடுக்கவில்லை. ஆனால் எத்தனை பேர், எந்த இடத்தில், என்ன செய்தால் அந்த உத்தரவு சட்டப்படி இறந்துவிடும் என்பதை அது எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தது. உறுப்பினர்கள் எங்கே ஓட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாக்கெடுப்பு முடிந்த கணத்திலிருந்து அதற்கு மேல் கீழ்ப்படிவது குற்றமாகலாம் என்பது படை அதிகாரிகளுக்கும் தெரிந்திருந்தது. மக்கள் திரண்டது மட்டுமே போதுமானதாக இருந்திருக்கும் என்றோ, சட்டப் பிரிவு மட்டுமே போதுமானதாக இருந்திருக்கும் என்றோ என்னால் சொல்ல முடியாது.

வாளும் பணப்பையும் இல்லாத நீதிமன்றம்

அரசியலமைப்புச் சட்டத்துக்கு முரணான சட்டத்தையோ உத்தரவையோ செல்லாது என்று அறிவிக்கும் நீதிமன்ற அதிகாரத்துக்கு நீதிப் புனராய்வு என்று பெயர். அமெரிக்காவில் 1803ஆம் ஆண்டின் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நிலைநாட்டியது. அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் இந்த அதிகாரம் வெளிப்படையாக எழுதப்படவில்லை என்பது வியப்பூட்டும் செய்தி. நீதிமன்றமே அதை வாசித்து எடுத்தது. மற்றவர்கள் காலப்போக்கில் ஏற்றுக்கொண்டார்கள்.

நீதிமன்றத்துக்கு வாளும் இல்லை, பணப்பையும் இல்லை என்று அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டன் அதற்கு முன்பே, 1788இல், எழுதியிருந்தார். அதற்குப் படை கிடையாது. வரி வசூலும் கிடையாது. தீர்ப்பு என்பதும் கடைசியில் ஓர் எழுத்துதான். அதற்கும் கீழ்ப்படிபவர்கள் வேண்டும். 1832இல் செரோக்கிப் பழங்குடியினரின் நிலத்தில் ஜார்ஜியா மாநிலச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜார்ஜியா அதைப் பொருட்படுத்தவில்லை. குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனும் மாநிலத்தைப் பணியவைக்க முயலவில்லை. 1838இல் செரோக்கி மக்கள் தம் நிலத்திலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்கள். பல்லாயிரம் பேர் அந்த வெளியேற்றத்தில் மாண்டார்கள்.

அதே நீதிமன்றம் 1974 ஜூலை 24 அன்று, வாட்டர்கேட் முறைகேடு பற்றிய வழக்குக்காக வெள்ளை மாளிகையில் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்க வேண்டும் என்று குடியரசுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பங்கேற்ற எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக இருந்தார்கள். அவர்களில் மூவர் நிக்சனாலேயே நியமிக்கப்பட்டவர்கள். அவர் ஒலிநாடாக்களைக் கொடுத்தார். ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். 1832க்கும் 1974க்கும் இடையில் நீதிமன்றத்துக்குப் புதிதாகப் படை எதுவும் கிடைத்துவிடவில்லை. தீர்ப்பை மீறினால் தம் கட்சியினரும் தம்மைக் கைவிடுவார்கள் என்பது நிக்சனுக்குத் தெரிந்திருந்தது. ஜாக்சனுக்கு அந்த அச்சம் இல்லை. பாதிக்கப்பட்ட மக்களுக்கு அன்று வாக்குரிமையும் இல்லை என்பதைச் சேர்த்துப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகும்.

இதுவரை பார்த்தவற்றின் சாரம்: அரசியலமைப்புச் சட்டம் கோட்டைக் காட்டுகிறது; கோட்டைத் தாண்டியதாக நீதிமன்றமோ அவையோ உரக்கச் சொல்கிறது; உத்தரவை நிறைவேற்ற வேண்டியவர்கள் மறுத்து நின்றால்தான் ஆள்பவர் நிற்கிறார்.

விதிமுறையையே மாற்றிவிட்டால்?

பெரும்பாலான அரசியலமைப்புச் சட்டங்கள் தம்மைத் திருத்திக்கொள்ள வழி வைத்திருக்கும். சாதாரணச் சட்டத்தை விட அவற்றைத் திருத்துவது பொதுவாகக் கடினமாக இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை, மாநிலங்களின் ஒப்புதல், பொது வாக்கெடுப்பு என்று நாட்டுக்கு நாடு நிபந்தனை மாறும். ஒரே கட்சிக்கு அந்தப் பெரும்பான்மை கிடைத்துவிட்டால் கோட்டை அழித்து வேறிடத்தில் வரையலாமா?

ஜெர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம் இதற்கு நேரடியாகவே விடை சொல்கிறது: மனித மாண்பு, கூட்டாட்சி, மக்களாட்சி ஆகியவற்றின் அடிப்படைகளை எந்தத் திருத்தத்தாலும் தொட முடியாது. இந்தியாவில் அப்படிப்பட்ட பிரிவு இல்லை. ஆனால் 1973 ஏப்ரல் 24 அன்று, கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஏழுக்கு ஆறு என்ற பெரும்பான்மையில், நாடாளுமன்றம் எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆயினும் அரசியலமைப்புச் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டுகளில் அதற்குச் சோதனை வந்தது. பிரதமரின் தேர்தலை நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாதபடி செய்த 39ஆம் திருத்தத்தின் பகுதியை, 1975 நவம்பரில், நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்தபோதே உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. ஆனால் தேர்தல் சட்டமும் இதற்கிடையில் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டிருந்ததால் இந்திரா காந்தியின் வெற்றி அதே தீர்ப்பில் உறுதியானது. கோட்பாடு வென்றது, பிரதமரும் வென்றார். உண்மையான கட்டுப்பாடுகள் பெரும்பாலும் இப்படி அரைகுறையாகத்தான் வேலை செய்கின்றன.

தேர்ந்தெடுக்கப்படாத ஏழு நீதிபதிகள் மக்களின் பிரதிநிதிகளைத் தடுப்பது மக்களாட்சியா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஒரே வரியில் விடை கிடையாது. ஆனால் தேர்தலையே வளைக்கும் திருத்தத்தைத் தடுப்பதும், நிலச் சீர்திருத்தம் போன்ற கொள்கை முடிவைத் தடுப்பதும் ஒன்றல்ல என்பதையாவது மனத்தில் கொள்ள வேண்டும்.

அவசரம் என்ற கதவு

போர், கிளர்ச்சி போன்ற காலங்களில் வழக்கமான கட்டுப்பாடுகளைத் தளர்த்த இடமளிக்கும் பிரிவுகளே அவசரநிலைப் பிரிவுகள். இவை தேவையானவை, இவைதாம் மிகவும் ஆபத்தானவையும்கூட.

ஜெர்மனியின் முந்தைய அரசியலமைப்புச் சட்டமான 1919ஆம் ஆண்டின் வைமர் சட்டத்தில் 48ஆம் பிரிவு இப்படிப்பட்டது. 1933 பிப்ரவரி 27 அன்று நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே அந்தப் பிரிவின் கீழ் அடிப்படை உரிமைகள் நிறுத்தி வைக்கப்பட்டன. மார்ச் 23 அன்று, கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் கைதாகியும் தலைமறைவாகியும் இருந்த நிலையில், நாஜிப் படையினர் அவையைச் சூழ்ந்து நிற்க, அமைச்சரவையே சட்டம் இயற்றலாம் என்ற சட்டம் 444க்கு 94 என்ற வாக்குகளில் நிறைவேறியது. ஹிட்லர் வைமர் அரசியலமைப்புச் சட்டத்தை முறைப்படி நீக்கவே இல்லை. நீக்க வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை.

இந்தியாவில் 1975 ஜூன் 25 அன்று இரவு நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டபோது குடியரசுத் தலைவரின் கையெழுத்து முதலில் வாங்கப்பட்டது. அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரிவிக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் ஏற்றுக்கொண்டது. மறுத்த ஒருவர் எச்.ஆர். கன்னா. பணிமூப்பின்படி அவருக்கு வந்திருக்க வேண்டிய தலைமை நீதிபதிப் பதவி 1977இல் இளையவருக்குத் தரப்பட்டது. அவர் பதவி விலகினார். மறுத்தவருக்கு என்ன ஆகும் என்பது மற்ற எல்லாருக்கும் அதில் தெரிந்தது.

பின்னர் 1978இல் நிறைவேறிய 44ஆம் திருத்தம் அந்த அனுபவத்தை எழுத்தாக்கியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால்தான் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்யலாம். உயிர் வாழும் உரிமையை அவசரநிலையிலும் நிறுத்தி வைக்க முடியாது. "உள்நாட்டுக் குழப்பம்" என்ற தெளிவற்ற காரணத்தின் இடத்தில் "ஆயுதக் கிளர்ச்சி" என்று வந்தது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017இல் தவறென்று நீக்கியது. சிறையிலிருந்தவர்களுக்கு அதனால் பயனில்லை. அடுத்து அந்தக் கதவைத் திறக்க முயல்பவருக்குப் பூட்டுகள் கூடியிருக்கின்றன.

மைத்துனர் பொருளாளர் ஆகும்போது

இக்காலத்தில் அதிகம் காணப்படும் வழி, சட்டத்தை மீறாமல் அதைக் காப்பவர்களை மாற்றுவது. எல் சால்வடாரில் 2021 மே 1 அன்று புதிதாகக் கூடிய சட்டமன்றம் தன் முதல் நாளிலேயே அரசியலமைப்பு விவகாரங்களை விசாரிக்கும் அமர்வின் நீதிபதிகள் ஐவரையும் நீக்கி வேறு ஆட்களை நியமித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் புதிய நீதிபதிகள், பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் தொடர்ந்து மறுமுறையும் போட்டியிடலாம் என்று கூறினார்கள். அதுவரை எல்லாரும் அதற்குத் தடை இருப்பதாகவே அச்சட்டத்தை வாசித்து வந்தார்கள். அப்போது குடியரசுத் தலைவராக இருந்த நயீப் புக்கேலே 2024இல் போட்டியிட்டுப் பெரும் வெற்றி பெற்றார்.

கொலம்பியாவில் கதை வேறு விதமாகப் போனது. மக்கள் செல்வாக்கு மிகுந்த குடியரசுத் தலைவர் அல்வரோ உரிபே மூன்றாம் முறை போட்டியிட வழி செய்யும் பொது வாக்கெடுப்பை, 2010 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் தடுத்தது. அவர் தீர்ப்பை ஏற்று அந்த ஆண்டே பதவியிலிருந்து இறங்கினார். இரு தலைவர்களுக்கும் மக்கள் ஆதரவு இருந்தது. தீர்ப்பளித்த நீதிபதிகளை யார் நியமித்தார்கள், எளிதில் நீக்க முடியுமா என்பதில்தான் வேறுபாடு. எனவே ஓர் அரசியலமைப்புச் சட்டத்தின் வலிமையை அறிய விரும்புபவர் உரிமைகளின் அத்தியாயத்தை விட்டுவிட்டு, நீதிபதிகள், தேர்தல் ஆணையர்கள், தணிக்கையாளர்கள் ஆகியோரின் நியமனம், பதவிக்காலம், நீக்கம் பற்றிய சலிப்பூட்டும் பக்கங்களை முதலில் படிப்பது நல்லது.

கண்ணில் படாத கட்டுப்பாடு

இங்கே சொன்னவை எல்லாம் செய்தியான நிகழ்வுகள். கட்டுப்பாட்டின் பெரும்பகுதி செய்தியாவதே இல்லை. ஓர் அமைச்சர் விரும்பும் உத்தரவை, இது நீதிமன்றத்தில் நிற்காது என்று சட்ட ஆலோசகர் வரைவு நிலையிலேயே மாற்றி எழுதுகிறார். சில உத்தரவுகள் எழுதப்படாமலேயே போகின்றன. எழுதப்படாத உத்தரவை யாரும் கணக்கெடுக்க முடியாது. ஆகவே ஒரு நீதிமன்றம் எத்தனை சட்டங்களைச் செல்லாததாக்கியது என்ற எண்ணிக்கையை வைத்து முடிவுக்கு வருவது தவறாகப் போகும்: எண்ணிக்கை குறைவாக இருப்பதற்கு, அரசு எல்லைக்குள் நின்றதும் காரணமாக இருக்கலாம், நீதிமன்றம் அஞ்சி ஒதுங்கியதும் காரணமாக இருக்கலாம். இவ்விரண்டில் எது என்று அறிய, பதவியிலிருக்கும் வலிமையான தலைவர் ஒருவருக்கு எதிராக அந்நாட்டு நீதிமன்றம் கடைசியாக எப்போது தீர்ப்பளித்தது, தீர்ப்புக்கு மறுநாள் அரசு அலுவலகங்களில் என்ன நடந்தது, தீர்ப்பளித்தவர்கள் அடுத்த ஆண்டும் அதே பதவியில் இருந்தார்களா என்று பார்க்க வேண்டியிருக்கும்.